கற்படுக்கையும் வழிப்போக்கரும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்துள்ள சித்தன்னவாசல் குன்றைத் தமிழ் பயில்வோர் பெரும்பாலும் அதன் ஓவியத்திற்காகவே அறிவர். தேர்வு வினாத்தாளிலும் அவ்வோவியமே இடம்பெறும். துறை மாணவ மாணவியரோடு கல்விச் சுற்றுலாவாகச் சென்ற நாமும் அதனைக் காணும் விருப்புடனேயே சென்றோம். ஆனால் ஊர் திரும்பிய பின்னும் நம் நெஞ்சை விட்டு அகலாதிருப்பவை குன்றின்மேல் உள்ள குகையில் வெட்டப்பட்டிருக்கும் 17 கற்படுக்கைகளே. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பாறைச் சரிவில் கால் ஊன்றி ஏறுவதற்கென ஏழு குழிகள் வெட்டப்பட்டிருந்தமையால் அக்குகை ஏழடிப்பட்டம் எனப் பெயர் பெற்றது. இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பிகள் போடப்பட்டுள்ளன. ஆயினும் சித்திரை வெயிலில் அக்கம்பியையும் தொட இயலவில்லை, பாறையையும் தொட இயலவில்லை. மேலே நின்று நோக்கினால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை செம்மண்ணும், முட்செடியும், வற்றிய கண்மாய்களுமே தெரிகின்றன. புதுக்கோட்டைச் சீமை பாலைவனம் அன்று. மழை பெய்தால் கண்மாய் நிறையும், நெல் விளையும். எனினும் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றும் இல்லாத நிலம். வெயிலின் கொடுமையால் வளம் சுருங்கிய நிலத்தையே பாலை என்று நம் முன்னோர் வகுத்தனர். அவ்வகையில் சித்திரைத் திங்களில் சித்தன்னவாசல் பாலையேயாகும்.

வெயிலில் ஏறிச் சென்று குகைக்குள் நுழைந்தபோது ஒரு குளிர்ச்சி வந்து தழுவியது. பேச்சு தானாகவே அடங்கிற்று. தரைப்பாறையில் வரிசையாகப் படுக்கைகள். ஒவ்வொன்றும் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, தலைமாட்டில் தலையணைபோல் சற்றே உயர்த்தப்பட்டுள்ளது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். புரண்டு படுக்க இடம் போதாது. மழைக்காலத் திங்கள் நான்கிலும் ஓரிடத்தில் தங்கி, ஏனைய நாளெல்லாம் நடந்துகொண்டேயிருப்பது சமணத் துறவியரின் நெறி. அத்தகையோர் தங்கிய இடம் இது; அவருள் சிலர் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடமாகவும் கருதப்படுகின்றது.

இப்படுக்கைகளுள் மூத்ததும் பெரியதுமான ஒன்றின் அருகே தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. கி.மு. முதல் நூற்றாண்டளவினது என்பர். பாடத்தில் அறிஞரிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. ஐராவதம் மகாதேவன் முதலியோர் கொண்ட பொருளின் சுருக்கம் இதுதான்: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பாருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை. எருமி நாடு என்பது இன்றைய கருநாடகத்து மைசூர்ப் பகுதி என்பது பலரும் ஒப்பும் கருத்து.

இதனை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நமக்கே திடீரென ஒன்று உறைத்தது. இருபது நூற்றாண்டுகளுக்கு முன் வேற்று நாட்டிலிருந்து ஒருவர் நடந்து வருகிறார். அவருக்கு இவ்வூர்ப் பக்கத்தார் ஒருவர் படுக்க இடம் செய்து தருகிறார். செய்து தந்ததோடு நில்லாமல், வந்தவர் எந்நாட்டார், எவ்வூரில் பிறந்தவர், அவர் பெயர் யாது என்பதனைக் கல்லில் வெட்டியும் வைக்கிறார். நம் கைக்குக் கிடைத்திருக்கும் விடுதிப் பதிவேடுகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று இது என்று சொல்லிச் சிரித்தோம். மாணவர் சிரிக்கவில்லை. அவர்கள் நினைவில் முதல்நாள் இரவு இருந்தது.

முதல்நாள் இரவு நடந்தது இது. வழியில் ஓர் ஊரில் தங்குவதற்குச் சிறு விடுதி ஒன்றில் தொலைபேசி வாயிலாக முன்னரே அறைகள் பேசி வைத்திருந்தோம். ஊரின் பெயரோ விடுதியின் பெயரோ இங்கு வேண்டா. பேருந்தை விட்டு இறங்கி, பெட்டிகளை முற்றத்தில் வைத்துவிட்டு, பெயர்ப் பட்டியலை நீட்டினோம். கணக்கர் எழுதத் தொடங்கினார். நான்காவது பெயர் எழுதி முடித்ததும் எழுதுகோல் நின்றது. உள்ளே சென்றார், திரும்பி வந்தார். அறைகளில் தண்ணீர் வரவில்லை என்றார். தண்ணீர் இல்லாவிடினும் ஓரிரவு பொறுத்துக்கொள்வோம் என்றோம். பிறகு அறையே இல்லை என்றார். உண்மையிலேயே இல்லாதிருக்கலாம் என்று நம்புவதற்கு நாம் முயன்றோம். நமக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு குடும்பத்தாருக்கு அதே மேசையிலிருந்து சாவி எடுத்துக் கொடுக்கப்பட்டதைக் கண்ணால் கண்டபின் அம்முயற்சி கைகூடவில்லை.

நம் பட்டியலில் எல்லாச் சமயத்துப் பெயர்களும் இருந்தன. நம் கல்லூரியில் என்றும் அப்படித்தான். வெளியே வந்ததும் இந்து மாணவர் இருவர், தம் பெயரில் அறை கேட்டுப் பார்க்கட்டுமா என்றனர். நன்மனத்தால் சொன்னதே. ஆயினும் அதனைக் கேட்டபோது முன்னைய மறுப்பைக் காட்டிலும் அதுவே நம்மை வருத்திற்று. 22 பேரும் ஒரே வாசலில் நுழைய முடியாத இடத்தில் எவரும் நுழைய வேண்டியதில்லை என்று சொல்லிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டோம். அவ்விரவு எங்கே கழிந்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

சட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் எந்தக் குடிமகனுக்கும் தடை விதிக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள், தமக்கு இடம் தரும் விடுதிகளைத் தேடிக் கண்டறிவதற்கென்றே 1936 முதல் ஆண்டுதோறும் ஒரு வழிகாட்டி நூலை அச்சிட்டுக் கையில் கொண்டு பயணம் செய்தனர். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபின்னரே அந்நூலுக்குத் தேவை குறைந்தது. அத்தகைய வழிகாட்டி ஒன்று நமக்கு வேண்டியதில்லை என்றே அந்த இரவு வரை எண்ணியிருந்தோம்.

தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லின் வரலாற்றை மாணவர் அறிவர். படுக்கும் இடம் பள்ளி. துறவியர் படுத்து உறைந்த இடமும் பள்ளி. அத்துறவியர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் கல்வி கற்கும் இடமும் பள்ளியாயிற்று. பின்னர் இசுலாமியர் தம் தொழுமிடத்தைக் குறிக்க அச்சொல்லையே எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் என்றனர். இக்குன்றின் அறிவர் கோயிற் கல்வெட்டு இவ்விடத்தை அண்ணல்வாயில் எனக் குறிக்கின்றது. வாயில் வாசலாயிற்று, அன்னவாசலும் சித்தன்னவாசலும் பள்ளிவாசலும் ஒரே வாசலின் பெயர்கள் என்று ஒரு மாணவி சொன்னாள். சொல்லாராய்ச்சியில் அதனை ஏற்க நாம் தயங்குவோம். வேறு வகையில் தயங்கோம்.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கினையும் தலையாய கொடைகளாகச் சமணம் போற்றியது. இசுலாமோ, சக்காத்தினைப் பெறுதற்குரிய எண்வகையினருள் வழிப்போக்கரையும் ஒருவராக வைத்தது. ஊரில் செல்வராக இருப்பினும் வழியில் கையற்று நிற்பவர் அப்போது உதவிக்கு உரியவரே. அரபு மொழியில் அவருக்கு 'வழியின் மகன்' என்று பெயர். வழிக்கு மகனாகிவிட்டவனுக்கு ஊரில் யார் தாய் என்பதுதான் கேள்வி.

பாலைநிலத்து மக்கள் இதற்கு விடை கண்டிருந்தனர் என்பதற்கு இப்னு பதூதாவின் பயண நூல் நல்ல சான்றாகும். 1344 அளவில் நம் மதுரைக்கும் வந்து சென்றவர் அவர். 1326இல் எகிப்திலிருந்து சிரியாவை நோக்கிச் சினாய் மணல்வெளியைக் கடந்தபோது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'கான்' எனப்படும் ஒரு விடுதி இருந்ததென்றும், அதற்கு வெளியே வழிப்போக்கருக்காகத் தண்ணீர்த் துறையும், அவருக்கும் அவர்தம் விலங்குகளுக்கும் வேண்டியவற்றை விற்கும் கடையும் இருந்தனவென்றும் அவர் எழுதுகிறார். கத்யா என்னும் இடத்தில் கடவுச்சீட்டின்றி எவரும் கடக்கலாகாது. இரவில் மணலைச் சமன் செய்து வைத்துவிட்டு, காலையில் அதில் காலடித் தடம் தென்படுகிறதா என்று பார்ப்பார்களாம். ஆகவே, வந்தவர் யார் என்று கேட்கும் வழக்கம் அன்றும் இருந்தது. அடையாளச் சீட்டைக் காட்டச் சொல்வதில் நமக்கு எந்த மனக்குறையும் இல்லை. காட்டிய பின் நடப்பதுதான் நம் வழக்கு.

அதே பயணி தம் பிற்காலத்தில், சகாராவின் வாயிலாக விளங்கிய சிசில்மாசா என்னும் பாலைநகரில், ஒட்டகங்களும் தீவனமும் வாங்கிக்கொண்டு பாலையைக் கடக்கும் பருவத்திற்காகக் காத்திருந்தார். அங்கே அவரைத் தம் இல்லத்தில் தங்க வைத்தவர் ஒரு சட்ட அறிஞர். அவ்வறிஞரின் உடன்பிறந்தாரை இப்னு பதூதா முன்பு சந்தித்திருந்த இடமோ சீன நாடு! 1352 பிப்ரவரியில் அங்கிருந்து புறப்பட்டு, 25 நாள் சென்று தகாசா என்னும் ஊரை அடைந்தார். மரமே இல்லாத ஊர். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டவை. கூரை ஒட்டகத் தோல். தண்ணீர் உவர்ப்பு, ஈக்களின் தொல்லை வேறு. அங்கும் பத்து நாள் தங்கினார். குறை சொல்லிக்கொண்டேதான் தங்கினார். நல்ல பயணிகள் குறை சொல்லத் தயங்குவதில்லை. ஆனால் இடம் இல்லை என்று எவரும் அவரை அனுப்பிவிடவில்லை.

நம் நாட்டிலும் இவ்வழக்கிற்குக் குறைவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சேர்சா சூரி பெருவழிகளில் சராய்களை அமைத்தார். மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். நாகூரிலும், இப்புதுக்கோட்டை மாவட்டத்துக் காட்டுபாவா பள்ளிவாசலிலும் இன்றும் எல்லாச் சமயத்தாரும் வந்து கூடுகின்றனர்.

ஆயினும் இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நின்றுவிட்டால் அது பாதி உண்மையே. சேர்சாவின் சராய்களில் இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. தமிழ்நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் யாருக்கு உள்ளே இலை, யாருக்குத் திண்ணை, யாருக்கு வாசலுக்கும் அப்பால் என்பது சாதியால் முடிவு செய்யப்பட்டது. நம் சமுதாயத்துப் பெரியோர் அறக்கொடையாக நிறுவிய முசாபர்கானாக்களின் நிலை என்ன? பிற சமயத்து வழிப்போக்கர் ஒருவர் இரவு பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினால் எத்தனை இடங்களில் கதவு திறக்கும்? திறக்கும் இடங்கள் உண்டு, நாம் கண்டிருக்கிறோம். திறவாத இடங்களும் உண்டு, அவற்றையும் கண்டிருக்கிறோம். ஒரு விடுதி நம்மை மறுத்ததைச் சொல்லி வருந்தும் உரிமை, இக்கேள்வியைச் சமுதாயப் பெரியோர்முன் வைத்த பின்னரே நமக்கு உண்டு.

இனி நம் கருத்திற்கு வருவோம். சித்தன்னவாசலுக்கு வருவோர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வந்து, பார்த்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, அடிவாரத்துப் பூங்காவில் சற்று இருந்துவிட்டுப் போய்விடுகின்றனர். அன்று ஊரில் தங்க இடம் உண்டா என்று நாம் கேட்டபோது புதுக்கோட்டைக்கே போகச் சொன்னார்கள். ஓவியத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட முடியாது. அறிவர் கோயிலின் விதானத்தில் எஞ்சியிருக்கும் தாமரைத் தடாகத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் மலர் கொய்வோரும் உள்ளனர். நிறங்கள் மங்கியிருப்பதால் முதற்பார்வையில் வெறும் கறையாகவே தோன்றும். இருட்டிற்குக் கண் பழகி, நெடுநேரம் நோக்கிய பின்னரே ஒவ்வொன்றாக வெளிப்படும். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. தண்ணீர் அரிதான இந்நிலத்தில், அண்ணாந்து பார்க்கும் இடத்தில் ஒரு குளத்தையே தீட்டி வைத்த மனத்தை ஒருநாள் தங்கியாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா? மேலும் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டும், நார்த்தாமலையும், கொடும்பாளூரும் சுற்றுப்புறத்திலேயே உள்ளன.

எனவே இவ்வூர்ப் பகுதியில் ஒரு சிறு விருந்தினர் இல்லம் வேண்டும் என்பது நம் கருத்து. பெரிய உணவகமும் நீச்சல் குளமும் கொண்ட மாளிகை அன்று. நான்கைந்து அறைகள், அகன்ற திண்ணை, மண்பானைத் தண்ணீர், ஊர்ப் பெண்கள் சமைத்துத் தரும் சோறு, ஓர் அலமாரியில் இம்மாவட்ட வரலாற்று நூல்கள். நடத்துவோர் இவ்வூராராகவே இருத்தல் வேண்டும். வருவாய் ஊரிலேயே தங்க வேண்டும். மகளிர் குழுக்கள் இதனைவிடக் கடினமான தொழில்களையெல்லாம் நடத்திக் காட்டியுள்ளன.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், விடுதி வந்தால் குன்று கெடும் என்றார். வெறும் அச்சம் என்று அதனைத் தள்ளிவிட இயலாது. இராசத்தானத்துப் பாலைநகரமாகிய செய்சால்மேரில் 1156இல் எழுப்பப்பட்ட கோட்டைக்குள் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். சுற்றுலா பெருகியபோது அக்கோட்டைக்குள்ளேயே சிறு சிறு விருந்தினர் இல்லங்கள் பெருகின. குடத்து நீரைக் கொண்டு வாழ்ந்த இடத்தில் குழாய் நீர் பெருக்கெடுத்தது. சரியான வடிகால் இன்மையால் அந்நீர் அடித்தளத்தில் இறங்கி, மதில்களும் வீடுகளும் நெகிழத் தொடங்கின. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் அக்கோட்டையைச் சேர்த்தது. பாலையிலே ஒரு கோட்டை தண்ணீரால் அழியும் நிலைக்கு வந்தது என்பதை நம்பக் கடினமாக இருக்கலாம். ஆனால் அதுதான் நடந்தது.

ஆகவே இல்லம் குன்றின்மேலோ குன்றை ஒட்டியோ அமையலாகாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. 2010இல் சட்டமும் இதனை வலியுறுத்தியது. அவ்வெல்லைகளையும் தாண்டி, ஊருக்குள், இருக்கும் பழைய வீடுகளைச் செப்பனிட்டே இதனைச் செய்யலாம். நீர்ச் செலவுக்கு அளவு வேண்டும். ஒரு வாளியில் குளிக்க விரும்பாதவர் புதுக்கோட்டையிலேயே தங்கட்டும்.

இவற்றையெல்லாம் திட்டமாக எழுதி உரியவர்களிடம் தருவதற்கு மாணவர் குழு ஒன்று முன்வந்துள்ளது. வரைபடமும் போட்டுவிட்டார்கள். அதில் நூலக அலமாரி அறையைவிடப் பெரிதாக இருக்கிறது, திருத்தச் சொல்லியிருக்கிறோம்.

முதல்நாள் இரவைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தோம். பெட்டிகளோடு தெருவில் நின்றபோது, எதிரே தேநீர்க் கடை வைத்திருந்தவர் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, மூன்று கல் தொலைவில் தம் அக்காள் வீடு இருப்பதாகச் சொல்லி, ஒன்றும் கேளாமல் பேருந்தில் ஏறி ஓட்டுநருக்கு வழி காட்டினார். ஓட்டு வீடு. நீண்ட திண்ணை. அம்மூதாட்டி மாணவியரை உள்ளே அழைத்துக்கொண்டார். மாணவருக்குத் திண்ணையும் முற்றமும். அவ்வேளையில் அத்தனை பேருக்கும் உலை வைத்து, சோறும் புளிக்குழம்பும் ஆக்கிப் போட்டார். இறைச்சி சமைக்க நேரமில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்து, "பிள்ளைகளுக்குச் சோறு போட்டதுக்குக் காசா வாத்தியாரையா?" என்று கடிந்தார்.

அவர் ஒவ்வொரு மாணவியையும் கேட்ட கேள்வி ஒன்றே: "எந்த ஊரு தாயி?" பெயரை அவர் கேட்கவில்லை. தொண்டி என்றாள் ஒருத்தி. அதிராம்பட்டினம் என்றாள் மற்றொருத்தி. மணப்பாறை, கீரனூர், இளையான்குடி என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒவ்வோர் ஊருக்கும் அம்மூதாட்டியிடம் ஒரு கதை இருந்தது. மணப்பாறையில் மாடு வாங்கியது, தொண்டியில் கருவாடு வாங்கியது.

மறுநாள் குகையில் காவுடியின் ஊரைப் படித்துக் காட்டியபோது மாணவர் சிரிக்காமல் நின்றதன் காரணம் இதுவும்தான். விருந்தினர் இல்லத்தின் பதிவேட்டை எவ்வாறு அமைப்பது என்பதில் குழுவினரிடையே இன்னும் வாதம் முடியவில்லை. சட்டப்படி பெயரும் முகவரியும் இருந்தே ஆகவேண்டும் என்கிறார் ஒருவர். இருக்கட்டும், ஆனால் முதற்கட்டத்தில் 'பிறந்த ஊர்' என்று போடுங்கள், பெயர் பிறகு வரட்டும் என்கிறாள் தொண்டி மாணவி.